சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. காண்போர் கண்கள் சித்திரத்தையே நாடும். சுவரை நோக்குவோர் இலர். ஆயினும், சுவர் நொய்ந்ததாயின் சித்திரம் நில்லாது. வெடித்த சுவரில் வரைந்த ஓவியம் வெடித்தே தோன்றும். நீர் கசியும் சுவரில் தீட்டிய வண்ணம் உதிர்ந்தே போகும். இவ்வுண்மை ஓவியத்திற்கு மட்டும் உரியதன்று. துணியின்மேல் நூலால் சித்திரம் எழுதும் பூத்தையற் கலைக்கும் இது முற்றும் பொருந்தும். பூத்தையலை இக்காலத்தில் எம்பிராய்டரி என்றும் வழங்குவர்.

கடைத்தெருவில் தொங்கும் குழந்தைகளின் டி-ஷர்ட்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் மார்பில் மஞ்சள் வாத்து நீந்தும். மற்றொன்றில் சிவப்புப் புகைவண்டி ஓடும். வேறொன்றில் குழந்தையின் பெயரே வண்ண நூலால் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கிய நாளில் எல்லாம் அழகாகவே காணப்படும். ஆனால், நான்கைந்து முறை துவைத்தபின் அவற்றின் நிலை ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு சட்டையில் வாத்து முதல் நாள் இருந்தவாறே இருக்கும். மற்றொரு சட்டையிலோ புகைவண்டியைச் சுற்றித் துணி சுருங்கும். வட்டமான சக்கரங்கள் முட்டை வடிவாகும். உட்புறத்து நூல்கள் குழந்தையின் மெல்லிய தோலை உறுத்தும். குழந்தை அழும், ஆனால், அழுகையின் காரணத்தைச் சொல்ல அதற்குத் தெரியாது. பொறி ஒன்று, நூல் ஒன்று, வடிவமும் ஒன்று. அங்ஙனமிருக்க, இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும், பொறி ஓடத் தொடங்குவதற்கு முன் சட்டையை ஆயத்தம் செய்த முறையிலிருந்தே வந்தது. அம்முறையை இப்பாடத்தில் காண்போம்.

துணியில் நூலால் பூவேலை செய்யும் கலை மிகப் பழமையானது. பன்னூறு ஆண்டுகளாக அது கைவிரல்களின் கலையாகவே இருந்தது. 1828-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு முல்ஹவுஸ் நகரத்தைச் சேர்ந்த ஜோசுவே ஹைல்மன் என்பவர், பல ஊசிகளை ஒருங்கே இயக்கும் கைப்பொறி ஒன்றை அமைத்தார். 1863-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஐசக் குரோப்ளி என்பவர், தையற்பொறியைப் போல மேல்நூலும் கீழ்நூலும் கொண்டு தைக்கும் பூத்தையற் பொறியைக் கண்டார். அதன் கீழ்நூலைத் தாங்கிய நாடா ஒரு சிறு படகின் வடிவில் இருந்தது. ஆகவே, 'சிறு படகு' எனப் பொருள்படும் 'ஷிஃப்லி' என்னும் பெயர் அப்பொறிக்கு வழங்கலாயிற்று. 1980-ஆம் ஆண்டையொட்டிக் கணிப்பொறி இத்துறையில் புகுந்தது. இன்று, வரைந்த வடிவத்தைக் கணிப்பொறியில் தையல்களாக மாற்றிப் பொறிக்குக் கொடுத்துவிடுகின்றனர். துணியை இரண்டு வளையங்களுக்கு இடையே இறுக்கிப் பொறியில் பூட்டுகின்றனர். பொறி அவ்வளையத்தை முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்த, ஊசி தன் இடத்தில் நின்று மேலும் கீழும் இயங்கிச் சித்திரத்தை எழுதி முடிக்கின்றது.

பொறி இத்துணை வல்லதாயினும் அதற்கு ஒரு குறை உண்டு. கையால் தைக்கும் பெண் துணி சுருங்குவதைக் கண்டால் நூலைச் சற்றே தளர்த்துவாள். சட்டையின் கை ஊசியின் கீழ் மடிந்து கிடந்தால் அதை விலக்குவாள். பொறியோ கொடுத்த கட்டளையை மட்டும் அறியும். துணி நழுவினாலும், சுருங்கினாலும், மடிந்தாலும் அது தன் போக்கிலேயே தைத்துக்கொண்டு செல்லும். ஆகையால், கைத்தையலில் தைக்கும்போதே எண்ணக்கூடியவற்றை எல்லாம் பொறித்தையலில் முன்னரே எண்ணி முடித்தல் வேண்டும்.

முதற்கண் துணியின் இயல்பை அறிதல் நலம். வேட்டியும் சேலையும் நெய்த துணிகள். அவற்றில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலும், குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒன்றையொன்று கடந்து இறுகி நிற்கின்றன. டி-ஷர்ட்டின் துணி அத்தகையதன்று. அது நூலைக் கண்ணி கண்ணியாக வளைத்து, ஒரு கண்ணியில் மற்றொரு கண்ணியைக் கோத்துப் பின்னிய துணி. இவ்வாறு பின்னும் பொறியை 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு வில்லியம் லீ என்பவர் முதன்முதல் அமைத்தார். நம் நாட்டில் இத்துணியைப் பனியன் துணி என்று வழங்குவர். நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள திருப்பூர் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. 1920-களில் அங்கே தொடங்கிய பின்னலாடைத் தொழில், பின்னர்க் கடல் கடந்த நாடுகளுக்கும் ஆடைகளை அனுப்பும் அளவிற்கு வளர்ந்தது. அந்நகரம் 2009-ஆம் ஆண்டில் தன் பெயரால் அமைந்த மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று.

பனியன் துணியை இழுத்தால் அதன் கண்ணிகள் நீண்டு கொடுக்கும். விட்டால் மீண்டும் சுருங்கும். ஓடியாடும் குழந்தைக்கு அத்துணி ஏற்றதாய் இருப்பதற்குக் காரணம் இந்நெகிழ்ச்சியே. கையைத் தூக்கினாலும், குனிந்தாலும், தவழ்ந்தாலும் அது உடலோடு ஒட்டி வளைந்து கொடுக்கின்றது. ஆனால், அணிவோர்க்கு நலம் தரும் அந்நெகிழ்ச்சியே பூத்தையலுக்குப் பெரும் இடையூறாகின்றது. பூத்தையல் நூல் நெகிழாதது. நெகிழும் துணியில் நெகிழாத நூலைப் பதிக்கும்போது இரண்டிற்கும் இடையே ஓர் ஓயாத இழுபறி உண்டாகின்றது.

அவ்விழுபறி எத்துணை வலியது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 10 செண்டிமீட்டர் அகலமும் அதே அளவு உயரமும் உள்ள ஒரு சித்திரத்தை நூலால் நிரப்பப் பத்தாயிரம் தையல்களேனும் விழுகின்றன என்று கொள்வோம். பொறி நிமிடத்திற்கு 600 தையல் இடுமாயின், அது ஏறக்குறைய 17 நிமிடம் ஓடும். அத்துணை நேரமும் ஊசி குத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தையலும் தன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள துணியைச் சிறிது உள்ளிழுக்கும். தையல்கள் அடுத்தடுத்து நெருங்கும்போது துணியைப் பக்கவாட்டில் வெளியே தள்ளவும் செய்யும். ஒரு தையலின் இழுப்பு கண்ணுக்குப் புலனாகாது. பத்தாயிரம் தையல்களின் இழுப்பு ஒன்றுகூடினால், வட்டம் முட்டையாகும். எல்லைக்கோடு தான் சூழ்ந்து நிற்க வேண்டிய வடிவத்தை விட்டு விலகி நிற்கும். இவ்விழுப்பைத் தாங்கும் வலிமையைத் துணிக்குக் கொடுப்பதே ஆயத்தம் என்பதன் பொருள்.

ஆயத்தத்தின் முதற்படி சலவை. புதிய சட்டையைக் கடையிலிருந்து கொணர்ந்தவுடன் பொறியில் பூட்டுதல் கூடாது. பின்னும்போதும் பதப்படுத்தும்போதும் பருத்தித் துணி இழுக்கப்பட்டு நீண்டிருக்கும். முதல் முறை நீரில் நனைந்து உலரும்போதே அதன் கண்ணிகள் தம் இயல்பான அளவிற்குத் திரும்பும். நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினாலும், 40 செண்டிமீட்டர் நீளமுள்ள சட்டை 2 செண்டிமீட்டர் குறைந்துவிடும். துணி இவ்வாறு சுருங்க, மேலே தைத்த பாலியெஸ்டர் நூலோ சுருங்காது நிற்கும். அதனாலேயே சித்திரத்தைச் சுற்றித் துணியில் சுருக்கம் விழுகின்றது. சுருங்க வேண்டியதைத் தைப்பதற்கு முன்னரே சுருங்கவிடுதல் அறிவுடைமை. குழந்தை பின்னர் அணியும்போது எவ்வாறு துவைத்து உலர்த்துவோமோ, அவ்வாறே இப்போதும் துவைத்து உலர்த்துதல் வேண்டும். துணியை மென்மையாக்கும் நீர்மங்களை இவ்வேளையில் சேர்த்தல் ஆகாது. சேர்த்தால், பின்னர் ஒட்ட வேண்டிய பசைத்தாள் செவ்வனே ஒட்டாது.

உலர்ந்த சட்டையை இஸ்திரி இட்டுச் சுருக்கம் நீக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் துணியின்மேல் இழுத்துத் தேய்த்தால் பனியன் துணி நீண்டுவிடும். ஆகவே, பெட்டியை வைத்து அழுத்தி, எடுத்து, மீண்டும் அடுத்த இடத்தில் வைத்து அழுத்துவதே முறை. இந்நேரத்தில் சட்டையைக் கூர்ந்து நோக்கி, ஓட்டையோ கறையோ பிரிந்த தையலோ உண்டா என்று காண வேண்டும். குறையுள்ள சட்டையில் சித்திரம் எழுதியபின் அக்குறையைக் கண்டு வருந்துவதால் பயன் இல்லை.

அடுத்தது இடம் குறித்தல். கண்ணால் மதிப்பிட்டு நடுவிடம் காண முயன்றால் சித்திரம் ஒருபுறம் சாய்ந்துபோதல் எளிது. சட்டையை நீளவாட்டில் இரண்டாக மடித்து, தோள் தையலோடு தோள் தையலும், அக்குளோடு அக்குளும் பொருந்த வைக்க வேண்டும். மடிப்பு விழும் கோடே சட்டையின் நடுக்கோடு. அக்கோட்டில், கழுத்துப் பட்டியின் கீழ் விளிம்பிலிருந்து 4 அல்லது 5 செண்டிமீட்டர் இறங்கி, அங்கே சித்திரத்தின் மேல் விளிம்பு வருமாறு அமைத்தால் குழந்தைகளின் சட்டைக்கு ஏற்றதாய் இருக்கும். பெரியோர் சட்டையில் விடும் இடைவெளியைச் சிறு சட்டையிலும் விட்டால், சித்திரம் மார்பை விட்டு வயிற்றுக்கு இறங்கிவிடும். சித்திரத்தை அதே அளவில் காகிதத்தில் எடுத்து, குழந்தை அணிந்துள்ள சட்டையின்மேல் வைத்துப் பார்ப்பது மிகவும் நன்று. இடத்தைக் குறிக்கத் தையற்காரர் பயன்படுத்தும் சுண்ணக்கட்டியோ, நீரில் மறையும் மையோ போதும். ஆனால், நீரில் மறையும் மையின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அக்கறை நிலைத்துவிடக் கூடும். கழுவியபின்னரே சூடு காட்டுதல் வேண்டும்.

சித்திரத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. கனமான கம்பளத்திற்கு ஏற்ற சித்திரம் மெல்லிய பனியன் துணிக்கு ஏலாது. இடைவெளியின்றி நூலால் நிரப்பிய பெரிய வடிவம், குழந்தையின் மார்பில் ஓர் அட்டையைக் கட்டியது போல விறைத்து நிற்கும், காற்றும் உட்புகாது, வேர்வையும் எளிதில் உலராது. கோடுகளாலும் சிறு நிரப்புகளாலும் அமைந்த இலேசான வடிவமே சிறு சட்டைக்கு உகந்தது.

பெயர் எழுதுவதாயின் இன்னும் ஒரு கருத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நம் தமிழ் எழுத்துக்களில் சுழிகள் மிகுதி. ண, ஞ போன்ற எழுத்துக்களை மிகச் சிறிதாகத் தைத்தால் சுழியின் உள்ளிடம் நூலால் அடைபட்டுப் போகும். மெய்யெழுத்தின் புள்ளியோ துணிக்குள் புதைந்து மறையும். புள்ளி மறைந்தால் எழுத்து மாறும். எழுத்து மாறினால் பெயரே மாறும். ஆகவே, எழுத்துக்களைச் சற்றுப் பெரியனவாக அமைப்பதும், பெயரைத் தைப்பதற்கு முன் எழுத்தெழுத்தாக ஒருமுறை படித்துப் பார்ப்பதும் கடமையாகும். தாளில் பிழையாக எழுதிய எழுத்தை அழித்துத் திருத்தலாம். பனியன் துணியில் நெருக்கமாகத் தைத்த தையலைப் பிரித்தாலோ ஊசி குத்திய துளைகள் அங்கேயே எஞ்சி நிற்கும்.

இனி, சித்திரத்தைத் தாங்கும் சுவரைக் காண்போம். நெகிழும் துணிக்குப் பின்னால் நெகிழாத தாள் ஒன்றை வைத்துத் தைப்பர். இதனை அடித்தாள் என்று கூறலாம். பார்வைக்குத் தாள் போன்று இருப்பினும், இது நெய்யப்படாமல், இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்யப்படுவது. இதில் மூன்று வகை உண்டு. தைத்து முடித்தபின் கையால் கிழித்து நீக்குவது ஒரு வகை; கத்தரியால் வெட்டி, சித்திரத்தின் பின்னுள்ள பகுதியை அப்படியே விட்டுவிடுவது மற்றொரு வகை; நீரில் கரைந்துபோவது மூன்றாம் வகை.

கிழித்து நீக்கும் தாள் வேலைக்கு எளிது என்று எண்ணிப் பலர் அதனையே நாடுவர். நெய்த துணிக்கு அது தகும். பனியன் துணிக்கோ அது போதாது. பத்தாயிரம் முறை ஊசி குத்தும்போதே அத்தாள் துளைபட்டு வலியிழக்கும். தைத்தபின் அதைக் கிழிக்கும்போது தையலும் துணியும் இழுபடும். நீக்கியபின் சித்திரத்திற்குப் பின்பலமே இராது. துவைக்கும்போதெல்லாம் துணி நெகிழ, தையல் நெகிழாது நிற்க, சித்திரம் நாளுக்கு நாள் உருக்குலையும். வெட்டி நீக்கும் தாள் அவ்வாறு கைவிடாது. சட்டை உள்ளளவும் அது சித்திரத்தின் பின்னால் நின்று தாங்கும். ஆகையால், பனியன் துணிக்கு உரியது வெட்டி நீக்கும் தாளே. தடித்த தாள் ஒன்றிற்குப் பதிலாக, மெல்லிய வலை போன்ற தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்தால், தாங்கும் வலிமையும் குறையாது, குழந்தைக்கும் உறுத்தாது.

அடித்தாளைச் சட்டையின் உட்புறத்தில் நழுவாமல் பொருத்த வேண்டும். சூட்டால் ஒட்டும் பசை தடவிய தாளாயின், இஸ்திரிப் பெட்டியால் மெல்ல அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். தாள் வளையத்தின் விளிம்பைக் கடந்து நாற்புறமும் நீண்டிருத்தல் இன்றியமையாதது. வளையத்தின் பிடிக்குள் அகப்படாத தாள் இழுப்பைத் தாங்க மாட்டாது.

வளையத்தில் பூட்டுதலே இவ்வேலையின் உயிர்நிலை. நெய்த துணியை முரசின் தோல் போல இறுக்கிப் பூட்டுவது வழக்கம். அவ்வழக்கத்தைப் பனியன் துணியிலும் கைக்கொள்வோர் ஏமாந்து போவர். இழுத்துப் பூட்டிய பனியன் துணியில் கண்ணிகள் நீண்டு நிற்கும். அந்நிலையிலேயே சித்திரம் தைக்கப்படும். வளையத்தைக் கழற்றியவுடன் துணி தன் அளவிற்குச் சுருங்கும். தைத்த நூலோ விரித்த துணியின் அளவிலேயே நிற்கும். சுற்றிலும் சுருக்கம் விழும். பொறி தைத்துக்கொண்டிருக்கும் வரை இக்குறை தோன்றாது. வேலை முடிந்தபின்னரே வெளிப்படும். ஆகவே, அடித்தாள் முரசு போல இறுகியிருத்தல் வேண்டும். அதன்மேல் சட்டைத் துணி இழுப்பின்றி, சுருக்கமும் இன்றி, மேசைமேல் விரித்தது போல இயல்பாகக் கிடத்தல் வேண்டும். மிகச் சிறிய சட்டையாயின், அடித்தாளை மட்டும் வளையத்தில் இறுக்கி, அதன்மேல் சட்டையை ஒட்டி வைப்பதும் உண்டு. இம்முறையில் வளையத்தின் தழும்பு துணியில் படாது.

பூட்டும்போது மற்றோர் இடரையும் காத்தல் வேண்டும். சட்டை ஒரு பை போன்றது. முன்பக்கமும் பின்பக்கமும் அதற்கு உண்டு. முன்பக்கத்தில் தைக்கும்போது பின்பக்கம் அடியில் சிக்கினால் இரண்டும் சேர்ந்து தைபட்டுவிடும். ஆடைத் தொழிற்சாலைகளில் இவ்விடர் பெரும்பாலும் நேர்வதில்லை. அங்கே வெட்டிய முன்பகுதியில் முதலில் பூவேலை செய்து, பின்னரே சட்டையாகத் தைப்பர். அன்றியும், அங்குள்ள பொறிகளுக்கு ஒடுங்கிய கை ஒன்று உண்டு. தைத்த சட்டையையும் அக்கையில் மாட்டிவிடலாம். வீட்டிலுள்ள பொறியின் தளமோ தட்டையானது. ஆதலின், சட்டையின் உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, கீழ்வாயை அகல விரித்து, முன்பக்கத்தை வளையத்தில் கிடத்த வேண்டும். அப்போது பின்பக்கமும் கைகளும் வளையத்தைச் சுற்றி ஒரு கிண்ணத்தின் விளிம்பு போல நிற்கும். அவற்றைச் சுருட்டிக் கவ்விகளால் பிடித்து வைக்க வேண்டும். ஒரு வயதிற்கு உட்பட்ட குழந்தையின் சட்டை அவ்வாறு விரியாது. அதன் பக்கத் தையல் ஒன்றைப் பிரித்து, விரித்து, பூவேலை முடிந்தபின் மீண்டும் தைத்துக் கொள்வர்.

ஊசியிலும் கருத்துச் செலுத்த வேண்டும். கூரிய முனையுள்ள ஊசி பின்னல் நூலையே குத்தி அறுக்கும். அறுந்த ஒரு கண்ணியிலிருந்து ஓட்டை விரிந்துகொண்டே போகும். உருண்ட முனையுள்ள ஊசியோ நூலை விலக்கி, இடைவெளியில் நுழையும். 75 என்னும் எண்ணுள்ள ஊசி இவ்வேலைக்குப் பொருந்தும். அவ்வெண், ஊசியின் பருமன் 0.75 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். மேல்நூலுக்கும் பாபினில் சுற்றிய கீழ்நூலுக்கும் உள்ள இறுக்கம் ஒத்திருத்தல் வேண்டும். பட்டையாகத் தைத்த தையலைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் மூன்றில் ஒரு பங்கு கீழ்நூலும், இருமருங்கும் மேல்நூலும் தெரிவது நல்ல இறுக்கத்திற்கு அடையாளம். துணியின்மேல் நீரில் கரையும் மெல்லிய படலம் ஒன்றை விரித்துத் தைத்தால், தையல்கள் கண்ணிகளுக்குள் புதையாமல் மேலே எழும்பி விளங்கும்.

இவையெல்லாம் முடிந்தபின்னும் உடனே நல்ல சட்டையில் கைவைத்தல் ஆகாது. அதே வகையான பழைய பனியன் துணியில் ஒருமுறை தைத்துப் பார்க்க வேண்டும். அரைமணி நேரச் சோதனை ஒரு சட்டையைக் காக்கும். பின்னர், ஊசியை ஓட்டாமலே வளையத்தை மட்டும் சித்திரத்தின் எல்லை வழியே நகரச் செய்து, ஊசி வளையத்தில் மோதுமா என்றும், சித்திரம் குறித்த இடத்தில் அமைகின்றதா என்றும் காண வேண்டும். சித்திரத்தைச் சுற்றிப் பெரிய தையல்களால் ஒரு சட்டம் ஓட்டிவிட்டால் துணியும் தாளும் படலமும் ஒன்றாய் நிற்கும். அச்சட்டத்தைப் பின்னர் எளிதில் பிரித்துவிடலாம். பொறி ஓடும்போது அதைத் தனியே விட்டு அகலாது, அருகிருந்து நோக்குதலும் கடமையே.

தைத்து முடிந்ததும் வளையத்தைக் கழற்றி, எஞ்சிய நூல் முனைகளை வெட்ட வேண்டும். அடித்தாளைச் சித்திரத்தின் விளிம்பிலிருந்து 1 செண்டிமீட்டர் விட்டு, மூலைகள் வளைவாக அமையுமாறு கத்தரிக்க வேண்டும். கூரிய மூலை தோலை உறுத்தும். மேலுள்ள படலம் நீரில் அலசினால் கரைந்துவிடும். உட்புறத்தில் தையலின் முரட்டுப் பக்கம் குழந்தையின் மார்பில் படாதவாறு, சூட்டால் ஒட்டும் மெல்லிய பின்னல் துணி ஒன்றை அதன்மேல் ஒட்டிவிடுவர். இறுதியில் சட்டையைக் கவிழ்த்து, துவாலையின்மேல் வைத்து, உட்புறத்திலிருந்து இஸ்திரி இட்டால் சித்திரத்தின் எழுச்சி குன்றாது.

அழகினும் பெரிது குழந்தையின் நலம். பூத்தையலில் ஊசி ஒடிதல் புதிதன்று. ஒடிந்த துண்டு ஒன்று சட்டைக்குள் தங்கிவிடுமாயின், அதனால் விளையும் தீங்கைச் சொல்ல வேண்டுவதில்லை. இதனாலேயே ஏற்றுமதி ஆடைகள் செய்யும் தொழிற்சாலைகளில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. ஊசி ஒடிந்தால் அதன் துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து, ஒன்றாய்ப் பொருத்திக் காட்டிப் பதிவு செய்தபின்னரே புதிய ஊசி கொடுப்பர். தைத்த ஆடைகளை உலோகம் காட்டும் பொறிக்குள் செலுத்திச் சோதித்தே வெளியே அனுப்புவர். வீட்டில் தைப்போரும் இவ்வழக்கத்தை மேற்கொள்ளலாம்; குத்திய குண்டூசிகளை முன்னர் எண்ணி வைத்துப் பின்னரும் எண்ணுதல் எளிய காப்பாகும். கைக்குழந்தையின் சட்டையில் மணி, பொத்தான், சமிக்கி முதலியவற்றைத் தைத்தலும் தகாது. குழந்தை அவற்றைப் பிய்த்து வாயில் இடும். அவை தொண்டையில் சிக்கினால் உயிருக்கே இடராகும்.

இவ்வேலையால் வாழ்வோரையும் நாம் நினைத்தல் வேண்டும். வீட்டில் ஒரு பொறியை வைத்துக்கொண்டு, அண்டை அயலார் தரும் துணிகளில் பூவேலை செய்து பிழைப்போர் பலர். அவர்கள் பெறும் கூலி சட்டையின் விலையைவிடக் குறைவாய் இருத்தல் கூடும். ஒரு சட்டை கெட்டால், அதன் விலையைக் கொடுப்பதோடு பல சட்டைகளின் கூலியையும் இழக்க நேரும். பிறந்தநாளைக்கு முந்திய மாலையில் பிள்ளையின் பெயர் பொறித்த சட்டையைப் பெற வரும் தாய்க்கு, 'சட்டை கெட்டுவிட்டது' என்னும் சொல் ஒருபோதும் இனிதாகாது. துவைத்தலும், அளத்தலும், தாள் ஒட்டுதலும், சோதித்தலும் வீண் காலக்கழிவு என்று கருதுவோர் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பாராக.

குழந்தை தன் சட்டையிலுள்ள வாத்தை விரலால் தொட்டு மகிழும். அந்த வாத்தின் பின்னால் ஒரு தாள் இருப்பதை அது அறியாது. சட்டையை முன்னரே துவைத்த கை யாருடையது என்பதையும் அறியாது. அறிய வேண்டுவதும் இல்லை. உறுத்தாத சட்டையை அணிந்து அது அமைதியாக உறங்குமாயின், அதுவே அவ்வேலையைச் செய்தவர்க்குப் போதிய கூலி. கண்ணுக்குத் தெரியும் வேலையைச் செவ்வனே செய்வோர் பலர். கண்ணுக்குத் தெரியாத வேலையையும் அவ்வாறே செய்பவரே நல்ல தொழிலாளர். மாணவர்களாகிய நீங்கள் நாளை எத்தொழிலை மேற்கொண்டாலும், சித்திரத்தில் கைவைக்குமுன் சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை இன்றே கைக்கொள்வீர்களாக.